தள்ளிப்போட்ட பொறுப்பும் அதன் செலவும்: லண்டன் நகைச்சுவை நாவலில் வளராத ஆண்கள்

வயது ஏறியும் பொறுப்பேற்க மனமில்லாத ஆண், பெருநகரத்தின் வேலை, வாடகை, திருமணம், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றின் முன் நிற்க நேரும்போது விளையும் சங்கடங்களைச் சிரிப்புக்குரியதாக்கும் புனைகதை, ஆங்கில இலக்கியத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இடையறாது எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1990களில் பதிப்புலகம் இதற்கு 'லாட் லிட்' என்று பெயர் சூட்டியது. கூட்டாளிகள், மதுக்கடை, கால்பந்து என்று பொழுதைக் கழிக்கும் இளைஞனுக்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'லாட்' என்று பெயர். அமெரிக்கத் திறனாய்வாளர் எலெய்ன் ஷோவால்டர் 2002இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அந்த வணிகப் பெயரை அகலப்படுத்தி, 1950களின் கிங்ஸ்லி ஏமிஸ் தொடங்கி 1990களின் நிக் ஹார்ன்பி வரையிலான நாவல்களை ஒரே வரிசையில் நிறுத்தினார். இன்பமான முடிவு, திருமணத்துக்கு அஞ்சிக் கடைசியில் அதை ஏற்கும் நாயகன், தன் குறைகளைத் தானே எடுத்துரைக்கும் ஒப்புதல் தொனி ஆகியவை அவ்வரிசையின் பொதுக்கூறுகளாக அவருக்குப் பட்டன.

இந்நாவல்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் நாயகனின் மனத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. அவன் பெண்களை வெறுப்பவனா, அவர்களைக் கண்டு பயப்படுபவனா, அவன் திருந்துவது நம்பும்படி இருக்கிறதா, அவனோடு சேர்ந்து சிரிக்கும் வாசகர் அவனுடைய குற்றத்துக்கு உடந்தையாகிறாரா என்பன போன்ற கேள்விகள் நியாயமானவை. ஆயினும் அவற்றைக் கேட்பவர்கள் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுவதில்லை. முதிர்ச்சியைத் தள்ளிப்போடுவதற்குப் பணமும் நேரமும் பிறர் உழைப்பும் வேண்டும். அந்தச் செலவை ஏற்பவர் யார் என்பதை முதலில் மறைத்துப் பின்னர் வெளிப்படுத்தும் முறையிலேயே இந்நாவல்களின் நகைச்சுவை பெரிதும் இயங்குகிறது என்பதும், நல்ல நாவலுக்கும் மேலோட்டமானதற்கும் உள்ள வேறுபாடு பல இடங்களில் அந்த வெளிப்பாட்டின் நேர்மையைப் பொறுத்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மரபின் தொடக்கத்தில் லண்டன் குமாஸ்தா நிற்கிறான். 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்துக்குப் பிந்தைய தலைமுறையில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் கூட்டம் பெருகியது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வணிக அலுவலகங்களும் அவர்களை வேலைக்கு அமர்த்தின. ரயில் பாதைகள் புறநகர்களை நகரத்தோடு இணைத்தன. ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் வெளியிட்ட 'த்ரீ மென் இன் எ போட்' இந்த வகுப்பின் இளைஞர் மூவர் இரண்டு வாரம் தேம்ஸ் ஆற்றில் படகுப் பயணம் போகும் கதை. அந்நாளைய உயர்குடி விமர்சகர்கள் அதன் மொழியைக் கீழ்த்தட்டுக் கொச்சை என்று பழித்தனர். மக்களோ வாங்கித் தீர்த்தனர். இந்நூல் எழுந்த சூழல் குறிப்பிடத்தக்கது. ஜெரோம் 1888இல் திருமணம் செய்துகொண்டு தேம்ஸில் படகேறித் தேனிலவு கொண்டாடினார். திரும்பியதும் எழுத உட்கார்ந்தவர், கதையில் மனைவியை விலக்கிவிட்டு அவ்விடத்தில் இரு நண்பர்களை அமர்த்தினார். பிரம்மச்சாரிகளின் கும்மாளமாக உலகம் வாசித்த நூல், இவ்வாறு, புதுமாப்பிள்ளை ஒருவரின் கற்பனை. இதில் செலவை ஏற்பவர் யாருமில்லை. மூவரும் தம் சம்பள விடுமுறைக்குள் விளையாடுகிறார்கள், மழை வலுத்ததும் பாங்போர்னில் படகை விட்டுவிட்டு ரயிலேறி லண்டன் உணவகத்துக்குப் போய்விடுகிறார்கள். 1900இல் வந்த தொடர்ச்சி நூலில் கதைசொல்லியும் மூவரில் மற்றொருவனான ஹாரிஸும் மணமானவர்கள். ஊர் சுற்றுவதற்கு முன் மனைவியரிடம் இசைவு பெறுவதே அங்கு முதல் நகைச்சுவை.

அதே ஆண்டுகளில் 'பஞ்ச்' இதழில் தொடராக வந்து 1892இல் நூலான, கிராஸ்மித் சகோதரர்களின் 'த டைரி ஆஃப் எ நோபடி' இக்காட்சியை மறுபுறமிருந்து காட்டுகிறது. வடக்கு லண்டனின் ஹாலோவே பகுதியில் குடியிருக்கும் மூத்த குமாஸ்தா பூட்டர் எழுதும் நாட்குறிப்பு அது. அவருடைய இருபது வயது மகன் லூபின் வங்கி வேலையை இழந்து வீட்டுக்கு வந்து, நாடகக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, பகல் ஏறும்வரை உறங்குகிறான். இங்கே செலவை ஏற்கும் தந்தையே கதைசொல்லி, சிரிப்புக்குரியவரும் அவரே. மகனோ, தந்தை கெஞ்சி வாங்கித் தந்த வேலையையும் இழந்தபின், போட்டி நிறுவனத்தில் நல்ல சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுகிறான். பொறுப்பான தந்தை ஏமாளியாகவும் பொறுப்பற்ற மகன் புதிய நகரத்தின் நெளிவு சுளிவு தெரிந்தவனாகவும் ஆகும் இந்தத் தலைகீழ் அமைப்பைப் பின்னாளில் பலர் வேறு வேறு வகையில் எடுத்தாண்டனர்.

பி. ஜி. உட்ஹவுஸ் இளமையில் 1900 முதல் 1902 வரை லண்டனில் ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கியில் வேலை பார்த்து, பிறகு முழுநேர எழுத்தாளரானவர். குமாஸ்தா வாழ்வை அறிந்த அவர் தம் புகழ்பெற்ற நாயகனுக்கு வேலையே வைக்கவில்லை. 1915இல் தொடங்கி 1974இல் வந்த கடைசி நாவல் வரை பெர்ட்டி ஊஸ்டர் ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம் அதே வயதில், அதே மேஃபேர் குடியிருப்பில், அதே ட்ரோன்ஸ் கிளப்பில் இருக்கிறான். அத்தைமார் நிச்சயம் செய்ய முனையும் திருமணம் ஒவ்வொன்றும் ஆபத்து. பணியாளர் ஜீவ்ஸ் அதிலிருந்து அவனை மீட்பது கதை. பரம்பரைச் சொத்திலிருந்து வரும் வருமானம் எங்கிருந்து, எப்படி வருகிறது என்பதைக் கதைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டால் அந்த உலகம் கரைந்துவிடும். ஆனால், 1922இல் வெளிவந்த 'பெர்ட்டி சேஞ்சஸ் ஹிஸ் மைண்ட்' என்ற ஒரு கதையை மட்டும் ஜீவ்ஸே சொல்கிறார். தனிமை அலுத்துப்போன பெர்ட்டி, சகோதரியையும் அவளுடைய பெண் பிள்ளைகளையும் தன்னோடு குடியமர்த்தலாமா என்று யோசிக்க, அப்படி நடந்தால் தம் வசதியான பணி போய்விடும் என்று உணர்ந்த ஜீவ்ஸ், எசமானரை ஒரு பெண்கள் பள்ளியில் சொற்பொழிவாற்றவைத்து, பிள்ளைகள் என்றாலே அவன் நடுங்கும்படி செய்துவிடுகிறார். பெர்ட்டியின் வளராமை இயல்பாக அமைந்ததன்று, பராமரிக்கப்படுவது என்பதும், அதைப் பராமரிப்பதில் பணியாளருக்கு ஆதாயம் உண்டு என்பதும் அக்கதையில் பளிச்சென்று தெரிகின்றன. உட்ஹவுஸை வெறும் வெயில்கால விளையாட்டாக ஒதுக்குவோர் இக்கதையை மறுபடி வாசிப்பது நல்லது.

இந்த அமைப்பு ஆங்கிலேயரின் தனிச்சொத்தன்று. ரஷ்யாவில் கோன்சரோவ் 1859இல் எழுதிய 'ஒப்லோமோவ்' நாவலின் நாயகன் பீட்டர்ஸ்பர்க் நகரில் படுக்கையை விட்டு எழ மறுப்பதற்குத் தொலைவிலுள்ள பண்ணையடிமைகளின் உழைப்பு ஈடு செய்கிறது. அந்த வருமானம் தட்டுப்படும்போது அவனைப் போற்றும் வீட்டுக்காரப் பெண் தன் நகைகளை அடகு வைத்துச் சமைத்துப் போடுகிறாள். இத்தாலிய எழுத்தாளர் ஸ்வேவோ 1923இல் வெளியிட்ட நாவலில் திரியெஸ்தே நகரத்து வணிகர் ஒருவர், தம் மகன் ஸேனோவிடம் பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்று கண்டு, தொழிலை மேலாளர் ஒருவரின் கையில் கட்டிவைத்து உயிலெழுதிவிட்டுச் சாகிறார். மகனுக்கு வருமானம் உண்டு, வேலை இல்லை. வளராமையைச் சட்டப்பூர்வமாக்கிய உயில் அது. ஒரே மாலையில் மூன்று சகோதரிகளிடம் அடுத்தடுத்துத் திருமணம் கேட்டு, மூன்றாமவளிடம் சம்மதம் பெறும் ஸேனோவுக்கு, அவன் விரும்பாமல் பெற்ற அம்மனைவியே வாழ்நாள் முழுதும் துணையாக நின்று அவனைத் தாங்குகிறாள்.

லண்டனுக்குத் திரும்பினால், செலவுக் கணக்கை முதன்முதலில் பென்ஸ் வரை எழுதிக் காட்டியவர் ஜார்ஜ் ஆர்வெல். 1936இல் வந்த 'கீப் தி ஆஸ்பிடிஸ்ட்ரா ஃப்ளையிங்' நாவலின் கார்டன் காம்ஸ்டாக் முப்பதை நெருங்குபவன். பணத்துக்கு அடிமையாக மாட்டேன் என்று விளம்பர நிறுவன வேலையை உதறிவிட்டு, கவிதை எழுதும் நினைப்போடு புத்தகக் கடையில் சொற்பச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறான். ஆர்வெல்லும் அப்போது ஹாம்ஸ்டெட்டில் பழைய புத்தகக் கடையொன்றில் வேலை செய்தவர்தாம். கார்டனின் கொள்கை வீரத்துக்குக் கடன் கொடுப்பவள் அவனுடைய அக்காள் ஜூலியா. ஆண்பிள்ளை படிக்கட்டும் என்று குடும்பம் அவளுடைய படிப்பைச் சுருக்கியது. இப்போது தேநீர்க் கடையில் நீண்டநேரம் உழைத்து மிச்சம் பிடிப்பதைத் தம்பி அவ்வப்போது வாங்கிச் செல்கிறான், திருப்பித் தருவதில்லை. காதலி ரோஸ்மேரி கருவுற்றதும் கார்டன் பழைய விளம்பர வேலைக்கே திரும்பி, மணம் முடித்து, தான் வெறுத்த நடுத்தர வர்க்க வீட்டின் அடையாளமான ஆஸ்பிடிஸ்ட்ரா தொட்டிச் செடியையும் வாங்குகிறான். இதைத் தோல்வி என்று வாசிப்போரும் உண்டு, விடுதலை என்று வாசிப்போரும் உண்டு. ஜூலியாவுக்கு வரவேண்டிய பணத்தை நினைத்துப் பார்த்தால் இரண்டாவது வாசிப்பே பொருத்தமாகத் தோன்றுகிறது. நாவல் அவளுடைய களைப்பைத் தெளிவாகக் காட்டினாலும் அவளுக்கென்று ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கவில்லை என்பது ஆர்வெல்லின் குறையும் இந்த மரபு முழுவதன் குறையும் ஆகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. கிங்ஸ்லி ஏமிஸின் 'லக்கி ஜிம்' 1954இல் வெளிவந்தபோது, கல்வி உதவியால் மேலேறிய கீழ்நடுத்தர வகுப்பு இளைஞன் நாயகனாகியிருந்தான். மாகாணப் பல்கலைக்கழகமொன்றில் தகுதிகாண் பருவத்தில் இருக்கும் வரலாற்று விரிவுரையாளன் ஜிம் டிக்ஸனுக்குச் சொத்தும் இல்லை, பணியாளரும் இல்லை. வேலை நிலைக்கவேண்டுமானால் பேராசிரியர் வெல்ச்சின் அசட்டுத்தனங்களுக்குத் தலையாட்ட வேண்டும். ஆகவே அவன் தனியறையில் கோணல் முகங்கள் காட்டுகிறான், பேராசிரியர் வீட்டுப் படுக்கை விரிப்பைச் சிகரெட்டால் எரித்துவிட்டு மறைக்கிறான், குடித்துவிட்டு மேடையேறிச் சொற்பொழிவைக் குலைக்கிறான். இங்கே வளராமை ஆடம்பரமாக இல்லாமல் ஒடுக்கப்பட்டவனின் எதிர்ப்பாக வருவதால் சிரிப்பில் காரம் கூடுகிறது. ஆயினும் முடிவைக் கவனிக்கவேண்டும். ஜிம்மைப் பற்றிக்கொண்டிருக்கும் சக விரிவுரையாளர் மார்கரெட்டின் தற்கொலை முயற்சி நாடகம் என்று கடைசியில் தெரியவருவதால், அவன் மனச்சாட்சி உறுத்தாமல் அழகான கிறிஸ்டீனிடம் போக முடிகிறது. செல்வந்தர் ஒருவர் லண்டனில் வேலையும் கொடுத்துவிடுகிறார். கதாசிரியர் நாயகனின் கடனைத் தாமே தள்ளுபடி செய்துவிட்டார் என்று சொல்வது மிகையாகாது. இத்தகைய புதிய நாயகர்களை மூத்த எழுத்தாளர் சாமர்செட் மாம் பத்திரிகையில் கடுமையாகச் சாடினார். அவர் பெயரிலான விருதே அந்நாவலுக்குக் கிடைத்திருந்தது என்பது ஏமிஸ் எழுதாத நகைச்சுவை.

லண்டன் பரிசாக வாய்த்தவன் ஜிம் என்றால், அந்தப் பரிசை வாங்க மறுத்தவன் கீத் வாட்டர்ஹவுஸ் 1959இல் படைத்த பில்லி ஃபிஷர். யார்க்‌ஷயர் நகரமொன்றில் ஈமச்சடங்கு நிறுவனத்தில் எழுத்தராக இருந்துகொண்டு, ஒரே மோதிரத்தைக் காட்டி இரு பெண்களுக்கு நிச்சயதார்த்தம் செய்துகொண்டு, மனத்துக்குள் அம்புரோஷியா என்ற கற்பனை நாட்டை ஆளும் பத்தொன்பது வயதுப் பையன், லண்டன் ரயிலில் ஏறாமல் நின்றுவிடுகிறான். பெற்றோரின் வீட்டுக்கு வெளியே தன் கனவுக்குச் செலவு செய்ய யாருமில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கிங்ஸ்லியின் மகன் மார்ட்டின் ஏமிஸ் 1973இல் இருபதாவது பிறந்தநாளின் வாசலில் நிற்கும் இளைஞனைப் பற்றிய 'த ரேச்சல் பேப்பர்ஸ்' நாவலை எழுதித் தந்தை பெற்ற அதே சாமர்செட் மாம் விருதைப் பெற்றார். ஆனால் இம்மரபுக்கு அவருடைய பெரிய கொடை 1984இல் வந்த 'மனி'. விளம்பரப் படம் எடுக்கும் ஜான் செல்ஃப், லண்டனுக்கும் நியூயார்க்குக்குமாகப் பறந்து, குடித்து, தின்று, திரைப்படம் ஒன்று எடுக்கப் போவதாக நம்பிக்கொண்டு, தயாரிப்பாளர் கொட்டும் பணத்தில் திளைக்கிறான். கடைசியில், கையெழுத்திட்ட தாள்கள் அனைத்தும் அவனையே கடன்காரனாக்கியவை என்றும், அவ்வளவு நாளும் அவனது கூத்துக்குச் செலவானது அவனுடைய பணமே என்றும் தெரிகிறது. 1986இல் லண்டன் பங்குச் சந்தையின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்படுவதற்கு இரண்டாண்டு முன்பே வந்த நாவல் இது. மறைக்கப்பட்ட செலவு வெளிப்படும் கணத்தை இவ்வளவு கொடூரமான சிரிப்பாக மாற்றிய நாவல் இம்மரபில் வேறில்லை.

1990களில் பெயரும் சந்தையும் சேர்ந்து வந்தன. 1992இல் இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் தொடங்கியது. 1989ஆம் ஆண்டின் ஹில்ஸ்பரோ நெரிசல் சாவுகளுக்குப் பின் அரங்குகள் இருக்கைகளுடன் திருத்தியமைக்கப்பட்டு, ஆட்டம் நடுத்தர வகுப்பின் பொழுதுபோக்காகிக்கொண்டிருந்தது. 1994இல் 'லோடட்' மாத இதழ் வந்தது. குடி, கால்பந்து, பெண்களின் படங்கள், எதையும் பாதி கேலியாகச் சொல்லும் நடை ஆகியவற்றை முப்பது வயது ஆணுக்கும் உரியனவாக அது ஆக்கியது. எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்திருந்தும் அப்படி நடக்காதவன் என்பதே அதன் வாசகனுக்கு அது வரைந்த உருவம். இதே காலத்தில் திருமண வயதும் நகர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஆண் முதல் திருமணம் செய்யும் சராசரி வயது ஏறக்குறைய 25. நூற்றாண்டின் முடிவில் அது 30ஐத் தொட்டுவிட்டது. இடைப்பட்ட அந்த ஐந்தாண்டு வெளியில்தான் இந்நாவல்கள் குடியேறின.

நிக் ஹார்ன்பி 1992இல் ஆர்செனல் அணியின்மீது தமக்கிருந்த பித்தைப் பற்றித் தன்வரலாறாக எழுதிய 'ஃபீவர் பிட்ச்' நூலில், ஓர் ஆணின் வாழ்வைப் பிறந்தநாள்களால் அளக்காமல் ஆட்டப் பருவங்களால் அளந்தார். 1995இல் வந்த முதல் நாவல் 'ஹை ஃபிடெலிட்டி' அதே அளவுகோலை இசைத்தட்டுகளுக்கு மாற்றியது. பூட்டர் வாழ்ந்த அதே ஹாலோவேயில் ஆளரவமற்ற தெருவொன்றில் இசைத்தட்டுக் கடை நடத்தும் முப்பத்தைந்து வயது ராப் ஃபிளெமிங், வழக்கறிஞரான லாரா தன்னை விட்டுப் போனதும், தன் வாழ்வின் மோசமான ஐந்து காதல் முறிவுகளைப் பட்டியலிடுகிறான், இசைத்தட்டுகளை அவற்றை வாங்கிய வரிசையில் அடுக்கித் தன் வரலாற்றைத் தேடுகிறான், கடைப் பையன்களோடு சேர்ந்து வாடிக்கையாளரின் ரசனையை ஏளனம் செய்கிறான். வாசகர் இவற்றில் லயித்து அவனோடு இணைந்துவிட்ட பிறகே, தான் மறைத்துவைத்த செய்திகளை ராப் சொல்கிறான்: லாரா கருவுற்றிருந்தபோது அவன் வேறொருத்தியோடு போனான், அவள் கருவைக் கலைத்தாள், அவளிடம் ஐந்தாயிரம் பவுண்டு அளவில் கடன் வாங்கியதைத் திருப்பித் தரவில்லை.

அந்தக் கடன் தொகையே இந்நாவலின் அச்சாணி. ஏழைகளுக்கான சட்ட உதவிப் பணியிலிருந்து பெருநிறுவனச் சட்ட வேலைக்கு லாரா மாறியதை ராப் கொள்கைத் துரோகமாகப் பார்க்கிறான். அவளுடைய அலுவலக உடைகளும் சிகை அலங்காரமும் அவனுக்கு அந்நியமாகின்றன. ஆனால் கடை மூழ்காமல் நிற்பதும், விற்காத ரசனையை அவன் கட்டிக் காப்பதும் அந்தச் சம்பளத்தின் தயவால்தான். தந்தையின் இறுதிச் சடங்குக்குப் பின் லாரா திரும்பி வருவதற்கு அவள் சொல்லும் காரணம் காதலின் வெற்றி என்று கொண்டாடும்படி இல்லை. பிரிந்திருக்கவும் தெம்பில்லாத களைப்பே அது. இங்கே ஹார்ன்பியின் நேர்மை வெளிப்படுகிறது. தன்மைக் கூற்றாக எழுதப்பட்ட ஒப்புதல் நாவலில் குற்றத்தைச் சொல்பவனே மன்னிப்புக்கும் பாதி வழி தேடிக்கொள்கிறான் என்பது இவ்வகையின் பெரிய ஆபத்து. ராப்பின் ஒப்புதலும் அந்த ஆபத்திலிருந்து முற்றிலும் தப்பவில்லை. ஆயினும் லாராவின் களைப்பை அவன் சொல்லின் இடுக்கிலேயே வாசகர் கேட்கும்படி எழுதியிருப்பது சாதாரணத் திறமையன்று.

மூன்றாண்டு கழித்து வந்த 'அபவுட் எ பாய்' இந்த ஆபத்தை வடிவத்தாலேயே கடந்தது. ஹார்ன்பி தன்மைக் கூற்றைக் கைவிட்டு, முப்பத்தாறு வயது வில் ஃப்ரீமனையும் பன்னிரண்டு வயது மார்கஸையும் படர்க்கையில் மாறி மாறிப் பின்தொடர்கிறார். வில்லின் சோம்பலுக்கு வருமானம் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. அதை இயற்றிய தந்தை அதைவிடச் சிறந்ததொன்றைச் செய்ய முடியவில்லையே என்று புழுங்கிச் செத்தார், மகன் அதன் உரிமைத்தொகையில் அரைமணி அரைமணியாகப் பொழுதைக் கூறுபோட்டுத் தள்ளுகிறான். தனித்து வாழும் தாய்மாரைச் சந்திப்பதற்காகத் தனக்கும் ஒரு மகன் இருப்பதாகப் பொய் சொல்லி அவர்களுடைய சங்கக் கூட்டத்துக்குப் போகும் அவனிடம், தற்கொலைக்கு முயன்ற தாயைத் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கும் சிறுவன் வந்து ஒட்டிக்கொள்கிறான். பெரியவனின் வேலையைச் சிறுவனும் சிறுவனின் வேலையைப் பெரியவனும் செய்துகொண்டிருந்த நிலை மெல்ல நேராகிறது. வில் முதிர்வதற்குத் தரப்படும் விலை, மார்கஸ் தன் வினோதத்தை இழந்து வகுப்பிலுள்ள மற்றப் பையன்களைப் போல் ஆகிவிடுவது. அந்த இழப்பை நாவல் மறைக்கவில்லை. இம்மரபின் மிக நேர்த்தியான படைப்பு இதுவே என்று கருத இடமுண்டு. 2002இல் வந்த திரைப்படம் ஹ்யூ கிராண்டின் நடிப்பால் புகழ் பெற்றாலும், நாவலின் இந்தக் கசப்பை இனிப்பாக்கிவிட்டது.

வெற்றியைத் தொடர்ந்து வந்தவை ஒரே தரத்தன அல்ல. டோனி பார்சன்ஸின் 'மேன் அண்ட் பாய்' 1999இல் வந்து பெரும் விற்பனை கண்டது. முப்பதாம் பிறந்தநாள் நெருங்கும் தொலைக்காட்சித் தயாரிப்பாளன் ஒருவன் ஒரே இரவுத் தவறால் மனைவியை இழந்து, நான்கு வயது மகனைத் தனியே வளர்க்கக் கற்கிறான். பிள்ளைக்குச் சோறூட்டுவது, தலைமுடி கழுவுவது, தூங்கவைப்பது எனத் தாய்மார் யாரும் பாராட்டாமல் நாள்தோறும் செய்பவை, ஒரு தந்தை செய்ததும் கண்ணீர் வரவழைக்கும் வீரச் செயல்களாகிவிடுகின்றன. நாவலின் உயிர், தாத்தா பாட்டி வரும் பக்கங்களில் இருக்கிறது. உண்மையில் அந்த வீட்டைத் தாங்குபவர்கள் அவர்களே. பர்மிங்காமில் பிறந்த கறுப்பின எழுத்தாளர் மைக் கேல் 1998இல் எழுதிய 'மை லெஜண்டரி கேர்ள்ஃப்ரெண்ட்' அளவில் சிறியதானாலும் கூர்மையானது. ஆர்ச்வேயில் வாடகை அறையொன்றில் அடைந்து கிடக்கும் இளம் ஆசிரியனின் சில நாள்கள், தொலைபேசி உரையாடல்களாகவே பெரும்பாலும் நகர்கின்றன. தனிமையும் நகரமும் அதில் நன்றாகக் கூடியிருக்கின்றன.

இவ்வரிசையில் வழக்கமாகச் சேர்க்கப்படாத ஒரு நாவல் சேர்க்கப்படவேண்டும். ஹனீஃப் குரைஷியின் 'த புத்தா ஆஃப் சபர்பியா' 1990இல் வந்தது. 1970களின் தெற்கு லண்டனில், பம்பாயிலிருந்து வந்த தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த கரீம் அமீர் நாடகத்தையும் காமத்தையும் தேடி நகர மையத்துக்குப் போகிறான். இங்கே வளராதவர்கள் இரு தலைமுறையிலும் இருக்கிறார்கள்: யோகம் போதிக்கும் ஞானியாக வேடமிட்டுக் குடும்பத்தை விட்டுப் போகும் தந்தை ஹாரூன் ஒருவர், நண்பர் அன்வர் உண்ணாவிரதம் இருந்து மகள் ஜமீலாவின் தலையில் கட்டிவைக்கும் மாப்பிள்ளை சங்கேஸ் மற்றொருவர். கடையைப் பார்த்துக்கொள்ள வரவழைக்கப்பட்ட சங்கேஸ் துப்பறியும் கதைகளை வாசித்துக்கொண்டு வேலை செய்ய மறுக்கிறான். மாமனாரின் கனவு நொறுங்குகிறது. ஆனால் ஜமீலா வேறொருவனுக்குப் பெற்ற குழந்தையைக் கூட்டுக் குடியிருப்பில் தூக்கி வளர்ப்பவன் அவனே. சொத்தும் மானமும் குடும்பமும் ஆணிடம் எதிர்பார்த்த பொறுப்பு ஒன்று, அவன் தானாக ஏற்ற பொறுப்பு வேறொன்று. தெற்காசியக் குடும்பங்களில் வளர்ச்சி என்பது உறவினர் கூடி நிர்ணயிக்கும் காரியமாக இருப்பதால், ஹார்ன்பியின் தனித்த ஆணுக்குக் கிட்டாத நகைச்சுவைக் களம் குரைஷிக்குக் கிட்டியது. 2006இல் கௌதம் மல்கானி எழுதிய 'லண்டன்ஸ்தானி', ஹவுன்ஸ்லோ பகுதியில் தாயாரின் வீட்டில் இருந்தபடியே ரவுடி வேடம் போடும் பையன்களைக் கொண்டு அக்களத்தை அடுத்த தலைமுறைக்கு நீட்டியது.

அட்லாண்டிக்கைக் கடந்தபோது இவ்வகை அதே வலுவோடு வேரூன்றவில்லை. பெஞ்சமின் கங்கல் 2005இல் எழுதிய 'இன்டிசிஷன்', முடிவெடுக்கும் திறனற்ற இருபத்தெட்டு வயது நியூயார்க் இளைஞனுக்கு அதைக் குணப்படுத்தும் மாத்திரை கொடுத்துப் பார்த்த சாமர்த்தியமான நாவல். ஆயினும் அது தனித்து நின்றது. பிரிட்டனில் ஆண்களுக்கான அந்த இதழ்களும் ஒவ்வொன்றாக மங்கின. 'லோடட்' அச்சிதழ் 2015இல் நின்றது.

நாவலைவிடத் தொலைக்காட்சி நீண்டகாலம் தாக்குப்பிடித்தது. 2003 முதல் 2015 வரை சேனல் 4இல் ஒளிபரப்பான 'பீப் ஷோ' தொடரில் குராய்டன் குடியிருப்பொன்றைச் சொந்தமாக வைத்திருக்கும் அலுவலக ஊழியன் மார்க்கும், வாடகை தராமல் ஒண்டிக்கொண்டிருக்கும் வேலையற்ற இசைக்கலைஞன் ஜெரமியும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு வாழ்கிறார்கள். செலவை ஏற்பவனும் அனுபவிப்பவனும் இங்கே ஒரே கூரையின்கீழ், இருவருமே ஆண்களாக, இருவருமே வளராதவர்களாக இருக்கிறார்கள்; பொறுப்பான வேலையும் வீட்டுக்கடனும் ஒருவனை முதிர்ந்தவனாக்கிவிடும் என்ற பழைய எண்ணம் மார்க்கைக் கண்டதும் கலைந்துபோகிறது. அத்தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே லண்டன் வீட்டு விலைகள் எட்டாத உயரத்துக்குப் போயின. 20 முதல் 34 வயதுக்குட்பட்ட பிரிட்டிஷ் ஆண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் பெற்றோர் வீட்டில் வாழ்வதாக 2010களின் புள்ளிவிவரங்கள் காட்டின. லூபின் பூட்டரின் நிலை ஒரு தலைமுறையின் நிலையாகிவிட்டது. வேறு வழி இருந்தும் ஒருவன் வளர மறுத்தால் அது நகைச்சுவை; வழியே அடைபட்டிருந்தால் அவனைப் பார்த்துச் சிரிப்பது கடினம். இவ்வகை நாவலின் தளர்ச்சிக்கு ரசனை மாற்றத்தை மட்டும் காரணமாகக் காட்டுவோர் வாடகையை மறந்துவிடுகிறார்கள்.

ஹார்ன்பி வேறொரு திசையில் நகர்ந்தார். 2001இல் வந்த 'ஹவ் டு பி குட்' நாவலைச் சொல்பவர் ஹாலோவேயின் குடும்ப மருத்துவர் கேட்டி கார். எதிலும் குற்றம் கண்டு கோபப் பத்தி எழுதிக்கொண்டிருக்கும் கணவன் டேவிட் திடீரென்று புனிதனாக மாறி வீட்டுப் பணத்தையும் பிள்ளைகளின் பொருள்களையும் பிறருக்குத் தானம் செய்யத் தொடங்குகிறான். குறும்பனாக இருந்தாலும் ஞானியாக இருந்தாலும் ஆணின் பரிசோதனைக்கு மனைவியின் சம்பளமே முதல் என்பதை, அச்சம்பளத்தை ஈட்டுபவரின் குரலில் கேட்பது இம்மரபுக்குப் புதிது. கேட்டியும் குறையற்றவரல்லர், கள்ளக் காதல் ஒன்றோடுதான் அவர் தம் கதையைத் தொடங்குகிறார், அதனால் நாவல் பழியைப் பக்கம் மாற்றிப் போடும் வேலையாகச் சுருங்கிவிடவில்லை. 2009இல் வந்த 'ஜூலியட், நேக்கட்' நாவலில் கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஆனி, மறைந்து வாழும் அமெரிக்கப் பாடகர் ஒருவரைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருக்கும் டங்கனோடு பதினைந்து ஆண்டுகளைக் கழித்திருக்கிறாள். ராப் ஃபிளெமிங் பதினைந்து ஆண்டு மூத்து, லாரா போன்ற ஒருத்தி விட்டுப் போகாமல் கூடவே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டங்கனை விடையாகக் கொள்ளலாம். பிள்ளை பெற்றுக்கொள்ளாமலும் வேறெங்கும் போகாமலும் போன அந்த ஆண்டுகளை வீணாக்கியதற்கு யார் பொறுப்பு, அவற்றில் எவ்வளவை மீட்க முடியும் என்று ஆனி கணக்குப் பார்க்கிறாள். டங்கனுக்கு அப்படியொரு கணக்கு இருப்பதே தெரியாது.